பொழுது சாய வந்த லத்தீன்

முதலாண்டு லத்தீன் ஆளை ஏமாற்றிவிடும். தமிழில் எட்டு வேற்றுமை பார்த்தவனுக்கு லத்தீனின் ஆறு என்ன பெரிது என்று நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் ரோமானியத் தளபதி சீசர் எழுதிய லத்தீன் உரைநடையை எடுத்து முன்னால் வைத்தார்கள். வினைச்சொல் பல வரி தள்ளிக் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து நாற்காலிச் சீன நண்பன் தலையில் கைவைத்தான். எனக்கு அது பழகின சங்கதி.

நான் மாட்டியது 'உர்பே காப்தா' என்ற இரண்டு சொல்லில். நகரம், பிடிக்கப்பட்ட. இரண்டுமே நீங்கல் வேற்றுமை, நம்ம '-இலிருந்து' மாதிரி. 'பிடிக்கப்பட்ட நகரத்திலிருந்து' என்று எழுதிக் கொடுத்தேன். தாள் முழுக்கச் சிவப்பு மை.

(பினாங்கில் லத்தீன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 1808-இல் இங்கே வந்த கத்தோலிக்கக் குருமடத்தில் ஒரு காலத்தில் பாடமே லத்தீனில்தான். சீனா, வியட்நாம், சயாம் பையன்களுக்கு வேறு பொதுமொழி ஏது? நான் படிப்பது அங்கே இல்லை.)

அன்று லிட்டல் இந்தியாவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, மழையில் நனைந்து வீடு சேர்ந்தேன். வாசலிலேயே அப்பாயி, "பொழுது விடியப் போனவன் பொழுது சாய வர்றான்" என்றார்.

பொழுது சாய! சாய்வது பொழுது, வருவது நான். எழுவாய் வேறு, வாக்கியத்தோடு ஒட்டாமல் முன்னால் தனியாக நிற்கிறது. 'உர்பே காப்தா'வும் இப்படித்தான்: 'நகரம் பிடிபட, படை திரும்பியது.' அவ்வளவுதான் விஷயம்.

அப்பாயியிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன்.

"சரி, முதல்ல சட்டையக் கழட்டு."