சாயம் இடாத குழாயில் தெரிந்த பச்சை

புற்றுநோய்ச் செல்களை வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் நான் சேர்ந்தபோது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் பொருள் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின். நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டினைப் போல அது தானே செல்லைக் கொல்லுமா என்பது எங்கள் கேள்வி அன்று. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து குறைந்த அளவில் தரப்படும்போது சாகாமல் தப்பும் செல்களை, குர்குமின் முன்கூட்டியே இளக்கி வைக்குமா என்பதைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

சேதமுற்ற செல் தன்னை ஒழுங்காக முடித்துக்கொள்ளும் முறைக்கு 1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பல புற்றுநோய்ச் செல்களில் என்எஃப்-கப்பா-பி என்னும் புரதம் ஓயாமல் இயங்கி, பிசிஎல்-2, சர்வைவின் போன்ற சாவைத் தடுக்கும் புரதங்களை உண்டாக்கியபடியே இருப்பதால், மருந்து டிஎன்ஏவைச் சிதைத்த பிறகும் அந்த உதிர்தல் நடப்பதில்லை. குர்குமின் என்எஃப்-கப்பா-பியை அடக்குவதை 1990களின் நடுவிலேயே கண்டறிந்திருந்தார்கள். தடை விலகினால் அதே மருந்துக்கு அதிகச் செல்கள் மடிய வேண்டும்.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களான ஹீலா செல்களுக்கு முதலில் குர்குமினும் பிறகு சிஸ்பிளாட்டினும் கொடுத்து, சாகும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அனெக்சின் என்னும் புரதத்தைப் பச்சைச் சாயத்தோடு சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். திரையில் செல்கள் திரளாகப் பச்சைப் பக்கம் நகர்ந்திருந்தன. அந்தப் படத்தை அச்சிட்டு மூத்த ஆய்வாளரான அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “குர்குமின் மட்டும் கொடுத்து, சாயமே போடாத குழாய் எங்கே?” என்று கேட்டார். நான் அப்படியொரு குழாயை வைத்திருக்கவில்லை.

மறுவாரம் வைத்தேன். சாயம் இடாத அந்தக் குழாயும் பச்சையாகத்தான் ஒளிர்ந்தது. குர்குமினே ஒளிரும் பொருள் என்பதால், நான் சாவு என்று எண்ணியதில் பெரும்பங்கு செல்லுக்குள் புகுந்திருந்த மஞ்சளின் வெளிச்சம். அன்று மாலை வரை என்னால் வேறு வேலை எதையும் செய்ய முடியவில்லை. பின்னர் சிவப்பு லேசரில் ஒளிரும் வேறு சாயத்துக்கு மாறினேன். அப்போப்டோசிஸின்போது பார்ப் என்னும் புரதம் வெட்டுப்படும்; அதன் எடை 116 கிலோடால்டனிலிருந்து 89ஆகக் குறைகிறதா என்று, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டிலும் சரிபார்த்தேன். விளைவு முன்பு தெரிந்ததைவிட மிகவும் சிறியது. ஆனால் அது மறையவில்லை, மூன்று முறை செய்தபோதும் நின்றது. நான் பெருமையோடு நினைத்துக்கொள்வது அந்தச் சிறிய வேறுபாட்டைத்தான்.

இந்நாள்களில்தான் எதிர்வீட்டு அக்கா வந்தார். அவருடைய மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய், கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. “ஏன்மா, எங்க அத்தைக்கு மஞ்சள் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? நீ அதைத்தானே படிக்கிற?” என்று கேட்டார். நான் செல் வளரும் தட்டில் ஊற்றியது 10 மைக்ரோமோலார் செறிவுள்ள குர்குமின். ஒரு மருத்துவ ஆய்வில் நாளொன்றுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில்கூடச் சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. அதைவிட முக்கியமானது, 2002இல் வெளியான ஓர் ஆய்வு: மனித மார்பகப் புற்றுக்கட்டி வளர்ந்த எலிகளுக்கு உணவில் குர்குமின் சேர்த்தபோது, சைக்ளோபாஸ்பமைடு மருந்தால் கட்டி சுருங்குவது குறைந்தது. ஒரு மருந்தோடு சேர்ந்து செல்லை இளக்கும் பொருளே, இன்னொரு மருந்துக்கு எதிராக அதே செல்லுக்குக் காவலாகிவிடலாம். இதையெல்லாம் அந்த வாசலில் நின்றபடியே, அவருக்குப் புரியும் சொற்களைத் தேடித்தேடிச் சொன்னேன். மாத்திரைப் புட்டியை மருத்துவரிடம் காட்டாமல் ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் புட்டியோடு போனார். சிகிச்சை முடியும்வரை அது வேண்டாம் என்றும், குழம்பில் போடும் மஞ்சள் வழக்கம்போல இருக்கட்டும் என்றும் மருத்துவர் சொன்னாராம்.