மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்

பார்க்கின்சன் நோய் என்றதும் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். நடுக்கமும் தளர்ந்த நடையும் கண்ணுக்குத் தெரிவதால், பாபநாசம் கடைத்தெருவில் எதிர்ப்படுகிறவர்கள்கூட அவற்றை அக்கறையோடு விசாரிக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் மனநிலையை முகத்திலிருந்தும் குரலிலிருந்தும் அறியும் திறன் இந்நோயில் பலருக்குக் குறைகிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. எனக்கு நடுக்கத்தைவிட மிகுந்த சங்கடத்தைத் தந்தது அதுதான்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலில் விரிவாக எழுதியபோது, புலன்களும் அறிவும் பழுதுபடுவதில்லை என்றே குறித்தார். ஆனால், நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழியும்போது உடலசைவு மட்டுமன்றி, உணர்ச்சிகளை இனங்காணும் மூளைப் பகுதிகளின் வேலையும் தடைப்படக்கூடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. மகிழ்ச்சியை அறிவதில் அவ்வளவு சிரமம் இருப்பதில்லை. கோபம், அச்சம், அருவருப்பு, துயரம் ஆகியவையே பெரும்பாலும் பிடிபடாமல் போகின்றன. பிறர் முகத்தில் காண்பதை நம் முகமும் நம்மை அறியாமல் இலேசாகப் பாவித்துப் பார்க்கிறது என்றும், முகத்தசைகள் இறுகியவர்களுக்கு அது இயலாததால் உணர்வும் எட்டாமல் போகிறது என்றும் ஆய்வாளர்கள் சிலர் விளக்குகிறார்கள். என் அனுபவத்துக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது.

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியையொட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் இரணியனின் சீற்றத்தை எத்தனை தொலைவிலிருந்தும் இன்றும் என்னால் உணர முடிகிறது. கண்ணும் புருவமும் உடலும் ஒன்றுசேர்ந்து அதைச் சொல்கின்றன. வீட்டில் அப்படி யாரும் கோபப்படுவதில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் மனவருத்தத்தை வாயால் சொல்லும் வழக்கமே குறைவு. பாத்திரத்தை வைக்கும் ஓசையிலும், சாப்பிடக் கூப்பிடும் தொனியிலும், காப்பி டம்ளரை நீட்டும் விதத்திலும்தான் அது வெளிப்படும். அந்த நுட்பமான குறிப்புகளே இப்போது எனக்கு எட்டுவதில்லை. என் மருமகளின் தாயார் உடல்நலம் குன்றியிருந்த நாட்களில், அவள் “அத்தை, எனக்கு மனசே சரியில்லை” என்று வந்து உட்கார்ந்து சொன்ன பிறகுதான் அவளுடைய துயரம் எனக்குத் தெரிந்தது. தெரிந்த கணத்தில் என் நெஞ்சு பதறியதில் எந்தக் குறையும் இல்லை. அறிவது வேறு, அன்பு வேறு என்பதை நோயாளியின் வீட்டார் தயவுசெய்து மனத்தில் கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. இறுகிய என் முகத்தையும் தாழ்ந்துவிட்ட குரலையும் பார்க்கிறவர்கள், மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்களின் எண்ணம் எப்படியோ போகட்டும், பேரக்குழந்தைகள் “பாட்டி கோபமா?” என்று தயங்கி நிற்பதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. ஆகையால் “எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது” என்பதை இப்போது முழு வாக்கியமாகவே சொல்கிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது வீட்டில் எல்லோருமே அப்படிச் சொல்லப் பழகிவிட்டோம். மகன்கூட, அலுவலகத்திலிருந்து எரிச்சலோடு வந்தால், அந்த எரிச்சல் எங்கள்மீது இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

முக்கியமான பேச்சு எதையும், இந்நோய்க்காக நான் சாப்பிடும் லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்கிறேன். அதன் வீரியம் குறையும் வேளையில் முகமும் நாவும் ஒருசேர இறுகிவிடுகின்றன. பேசுகிறவர் வெளிச்சத்தில் எனக்கு நேரே உட்கார்ந்தால் உதவியாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இந்நோய் உள்ளவர் திடீரென்று ஒட்டுதல் இல்லாதவராகத் தோன்றினால், நரம்பியல் மருத்துவரிடம் அதையும் தவறாமல் சொல்லுங்கள். இந்நோயில் மனச்சோர்வும் பரவலாக வருகிறது. அதுவும் வெளிப்பார்வைக்கு இப்படியேதான் தெரியும், ஆனால் அதற்குத் தனியே சிகிச்சை இருக்கிறது.