வேலை மேசைக்கு எதிரே ஓர் அசையும் தொங்கல்: இரண்டாவது தண்டும் நிலைகொண்டது

வேலை மேசைக்கு எதிரே, யன்னலுக்கும் புத்தகத் தட்டுக்கும் இடையில் ஒரு தொங்கல் (mobile) அமைத்துவருகிறேன்: நூலில் தொங்கும் தண்டுகளின் முனைகளில் சிறு பொருட்களைச் சமநிலையாகத் தொங்கவிட்டுக் காற்றில் அசையவிடும் அமைப்பு. அதன் இரண்டாவது தண்டு நேற்றிரவு கிடையாக நின்றது. இன்று மாலை வரை இம்மியும் சாயவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். அழைப்பிதழ்களும் விழா மலர்களின் அட்டைகளும் வடிவமைப்பது என் தொழில். சுவரில் ஒட்டிய படம் எவ்வளவு அழகானதாயினும் சிறிது காலத்தில் கண்ணுக்குப் பழகி மறைந்துவிடுகிறது. ஆனால் காற்றில் மெல்லத் திரும்பும் ஓலை மீனும் மரத்துண்டும் எப்போதும் வேறுவேறு இடைவெளிகளில் நிற்பதால், நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் வரைந்து பார்க்கத்தக்க புதிய அமைப்பொன்று கிடைக்கிறது.

தண்டின் ஒரு முனையில் ஓலை மீன்களுக்குப் பதிலாகச் சிறிய கிளிப் ஒன்றைத் தொங்கவிட்டு, அப்போது மனதில் ஓடும் வடிவத்தை வரைந்த அட்டைகளை அதில் மாட்டுகிறேன். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில் வெட்டிய ஏ6 அட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.7 கிராம் இருக்கும். ஒரே தாளில் வெட்டியவற்றை மட்டும் பயன்படுத்தினால், பழைய வரைவைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது சமநிலை கெடுவதில்லை.

சமநிலைதான் இந்த வேலையின் உயிர். கீழ்த் தண்டிலிருந்து மேல்நோக்கிக் கட்ட வேண்டும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். தொங்கற் புள்ளியை எங்கே வைப்பது என்பதையே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். என் தண்டு 40 சென்ரிமீற்றர் நீளமான மூங்கில். ஒரு முனையில் 20 கிராம் மரத்துண்டு. மறுமுனையில் கிளிப்பும் இரண்டு அட்டைகளுமாக 12 கிராம். எடையையும் தூரத்தையும் பெருக்கி இருபுறமும் சமப்படுத்தினால், பாரமான முனையிலிருந்து 15 சென்ரிமீற்றரில் புள்ளி விழுகிறது. ஆயினும் அங்கே கட்டினால் தண்டு அட்டைப் பக்கமாகவே சாயும். மூங்கிலுக்கும் 8 கிராம் எடை உண்டு. அந்த எடை தண்டின் நடுவில், அதாவது அட்டைப் பக்கத்தில் நின்று இழுக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் புள்ளி 16 சென்ரிமீற்றருக்கு நகர்கிறது. ஒரேயொரு சென்ரிமீற்றர்தான், ஆனால் தொங்கலின் தலையெழுத்தே அதில் இருக்கிறது. 1930களில் இக்கலையை வளர்த்தெடுத்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் இயந்திரப் பொறியியல் பட்டதாரி என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

கணக்கு சரியாக வந்த பின்னரும் ஒரு நுட்பம் மிஞ்சுகிறது. மேலே தூக்கும் நூலின் புள்ளி, முனைகளில் எடைகள் தொங்கும் இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அதே கோட்டில் இருந்தால் தண்டு சாய்ந்த இடத்திலேயே நின்றுவிடும். கீழே இருந்தால் கவிழ்ந்துவிடும். மிக உயர்ந்தாலோ தண்டு விறைத்து, அசைவின் அழகு போய்விடும். எனவே மூங்கிலை மெழுகுதிரிச் சுடரில் மெதுவாகச் சூடாக்கி, நடுப்பகுதி ஒரு சென்ரிமீற்றர் உயரும்படி வில்லாக வளைத்தேன். இந்த அளவு வளைவு, வரைந்த மையின் எடையால் வரும் சிறு வேறுபாட்டைத் தாங்கிக்கொள்கிறது.

நூலுக்குத் தங்கூசி எனப்படும் நைலோன் தூண்டில் நூலை விடச் சிறந்தது எதுவுமில்லை. ஆனால் நம் கடைகளில் ஆழ்கடலுக்கு ஏற்ற தடித்த தங்கூசி தாராளமாகக் கிடைக்க, 0.25 மில்லிமீற்றர் நூலைக் கேட்டால் கைவிரிப்பார்கள். தடித்த நூல் சுருளின் வளைவை மறப்பதில்லை. 40 கிராம் பாரம் அதை நிமிர்த்தவும் போதாது. மெல்லிய நூலையும் ஓரிரவு ஒரு பாரத்தைக் கட்டித் தொங்கவிட்ட பிறகே பயன்படுத்துவது நல்லது. தூண்டில் நூல் முறுகாதிருக்க மாட்டும் சிறிய சுழல் வளையத்தையும் அதே கடையில் வாங்கி, ஒவ்வொரு தண்டுக்கும் மேலே ஒன்று சேர்த்துவிட்டேன். மின்விசிறி ஓடினாலும் நூல்கள் முறுகுவதில்லை.

மரத்துண்டுகள் வாடைக்காற்றுக் காலம் முடிந்தபின் திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் ஒதுங்கியவை. பவளத் துண்டுகளைத் தொங்கவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பவளப்பாறைகள் சூழ்ந்த, 2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ள புறாத்தீவை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு அதை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. கரையில் ஒதுங்கிய மரத்தை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புக் கரிப்பு அடங்கும்வரை தண்ணீரை மாற்ற வேண்டும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தில் தங்கிய உப்பு நீரை உறிஞ்சி எடையைக் கூட்டும். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் சமன் செய்த தண்டு மாரியில் சாய்ந்துவிடும். இளம் பனையோலையான சார்வோலையில் பின்னும் மீன்களுக்கும் அதே காரணத்துக்காக மெல்லிய வார்னிஷ் பூசுகிறேன்.

இரண்டு தண்டுகளையும் ஒன்றாகத் தாங்கவேண்டிய மேல் தண்டு இன்னும் வாளித் தண்ணீரில்தான் ஊறுகிறது. அது வளைந்து நெளிந்த மரமாதலால் அதன் பாரமையம் நடுவில் இராது. காய்ந்ததும் கத்தி முனையில் நிறுத்தி அதைக் கண்டறிந்த பிறகே துளையிடுவேன். அதற்கு முன்னரே, பூவரசங்காய்களைக் கோத்து யன்னலுக்கென ஒரு சிறிய தொங்கல் செய்யவும் காய்கள் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.