எல்லாருக்கும் 20 போட்ட கதை

நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், ஊரு அருப்புக்கோட்டை பக்கம், கம்ப்யூட்டர்னா ஸ்கூல்ல துணி போட்டு மூடி வெச்சிருந்தது தான் ஞாபகம். பிஎஸ்சி நர்சிங் சேர்ந்துட்டோம், இனி அந்தத் தொல்லை இல்லன்னு நெனச்சா, 2021ல வந்த புது சிலபஸ்ல ரெண்டாவது செமஸ்டர்லயே இன்ஃபர்மேட்டிக்ஸ்னு, பேஷன்ட் விவரத்தயெல்லாம் கம்ப்யூட்டர்ல கையாளக் கத்துக்குடுக்குற ஒரு பேப்பர், தியரி 40 மணி நேரம், லேப் 40 மணி நேரம். ஊசி போடக் கத்துக்க வந்தவளுக்கு எதுக்கு எக்ஸெல்னு ரூம்ல பொலம்பாத நாளே இல்ல.

மொத லேப்லயே மானம் போச்சு. பத்து பேஷன்ட் டெம்பரேச்சர் ஏத்தி சராசரி எடுக்கணும், எனக்கு 92.5 பக்கத்துல வந்துச்சு, மேம் பாத்துட்டு "ஏம்மா, உன் வார்டுல எல்லாரும் ஜில்லுனு ஆயிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. ஒம்பது பேருக்கு ஃபாரன்ஹீட்ல போட்டுட்டு ஒருத்தருக்கு மட்டும் 37.2ன்னு செல்சியஸ்ல போட்டிருக்கேன். நர்சிங்குக்கு முன்னோடி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்னா கையில விளக்குன்னு தான் நமக்குத் தெரியும், கிரிமியா போர்ல காயத்தால செத்தவங்கள விட நோயால செத்த சிப்பாய்ங்க தான் ஜாஸ்தின்னு 1858லயே வட்டமா படம் போட்டுக் காட்டினவங்கங்கறதும் அந்த லேப்ல தான் தெரிஞ்சுது.

ஆனா எனக்கு உறைச்சது ஒரு அசைன்மென்ட்ல. போஸ்டிங் போற வார்டோட ஒரு வாரத்து வைட்டல்ஸ எடுத்து, பேரெல்லாம் இல்லாம பெட் நம்பர் மட்டும் வெச்சு கிராஃப் போடணும். பல்ஸ் ஏறி எறங்குது, பிபி ஏறி எறங்குது, ரெஸ்பிரேஷன், அதாவது நிமிஷத்துக்கு எத்தன மூச்சுங்கறது மட்டும் ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி, 20, 20, 20. கேஸ் ஷீட்டப் பொரட்டுனா அதுல பாதி என் கையெழுத்து! காலைல ரெண்டே ஸ்டூடன்ட், முப்பது பெட், ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள முடிக்கணும், மூச்ச யாரு எண்ணுறா, சீனியர் அக்கா 20ன்னு போடுவாங்க, நானும் போட்டேன். சாஃப்ட் ஸ்கில்ஸ் கிளாஸ்ல உன் ஸ்ட்ரென்த் என்னன்னு கேட்டப்ப பொறுமை, உழைப்புன்னு எழுதிக் குடுத்தவளும் நான் தான், அத நெனச்சா இப்பவும் கூசுது.

மறுநாள்ல இருந்து எண்ண ஆரம்பிச்சேன். மூச்ச எண்ணப் போறேன்னு சொன்னா பேஷன்ட் மூச்சு விடுறதே மாறிடும், அதனால பல்ஸ் பாத்துட்டு கைய விடாம அப்படியே பிடிச்சுக்கிட்டு நெஞ்சு ஏறி எறங்குறத ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். மொதல்ல ரெண்டு நாள் வேல முடியவே இல்ல, திட்டு தான். மூணாவது நாள் ஒரு அப்பத்தா, "என்ன தாயி இம்புட்டு நேரமா கையப் பிடிச்சிருக்க, நாடி ஓடலையா?"ன்னு கேக்குறாங்க, நான் சிரிச்சுக்கிட்டே எண்ணுனேன், 28. சாதாரணமா 20க்கு மேல போகக் கூடாது, சந்தேகத்துல இன்னொரு தடவ, அப்பவும் 28. காய்ச்சல் இல்ல, பிபி நார்மல், சொன்னா திட்டுவாங்களோன்னு பயந்துட்டே தான் சிஸ்டர்ட்ட போனேன். அவங்க வந்து எண்ணிப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம டியூட்டி டாக்டருக்கு போன் போட்டாங்க.

அப்பத்தா எட்டாம் நாள் வீட்டுக்குப் போயிட்டாங்க. இன்ஃபர்மேட்டிக்ஸ்ல எனக்கு மார்க் சுமார் தான், எக்ஸெல்ல பிவட் டேபிள் போட இன்னும் வரல.