ஆள்குறைப்புக் கடிதமும் 60 நாளும்

கடிதம் கொடுத்த அன்று எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தார்கள். மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் அந்த ஒரே எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 19 வருடம் இருந்தேன். மீட்டிங் அறையில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தது அன்றுதான். யாரும் பிரிக்கவில்லை.

மேசையில் இரண்டு தாள். ஒன்று ஆள்குறைப்புக் கடிதம். மற்றது, நானாகவே வேலையை விடுகிறேன் என்று கையெழுத்துப் போட. போட்டால் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம். "இதுல போட்டா ரெக்கார்ட் கிளீனா இருக்கும்க்கா, வேற கம்பெனியில ஈசியா எடுப்பாங்க," என்றார் எச்ஆர் தம்பி. அவரும் நம் பிள்ளைதான். எங்களுக்குத் தமிழில் சொல்லத்தான் அவரை அனுப்பியிருப்பார்கள் போல. வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு தாளையும் பையில் வைத்துக்கொண்டேன். இருவர் அங்கேயே போட்டுவிட்டார்கள்.

நான் செய்தது ஸ்கோப் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் போர்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, சால்டர் (ஈயப் பற்று) சரியாகப் பிடித்திருக்கிறதா, பாகம் ஏதாவது கோணலாக நிற்கிறதா என்று பார்ப்பது. கடிதத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பு புது ஏஓஐ மெஷின் வந்தது. கேமராவே படம் எடுத்து நல்லது கெட்டது பிரிக்கும். ஆரம்பத்தில் நல்ல போர்டையெல்லாம் ரிஜெக்ட் என்று தள்ளியது. இஞ்சினியர்கள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதை ஏன் ஓகே என்றீர்கள், அதை ஏன் தள்ளினீர்கள் என்று மூன்று மாதம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. தீபாவளிக்கு முறுக்குகூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த முறுக்கை நினைத்துத்தான் முதல் இரண்டு நாள் அழுதேன். எதிர்வீட்டு மாமா தோட்டத் தொழிற்சங்கத்தில் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "கோபத்த அப்புறம் வச்சுக்கம்மா. மொதல்ல நாள எண்ணு," என்றார்.

1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தில் 20ஆவது பிரிவு. நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டு எடுத்தார்கள் என்று நினைத்தால், வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு, பெருநாள் எல்லாம் சேர்த்தே 60. நோட்டீஸ் காலத்திலேயேகூடக் கொடுக்கலாம். காலண்டரில் கடைசி நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டார் மாமா.

நான் முதலில் போனது தப்பான இலாகாவுக்கு. தொழிலாளர் இலாகா வேறு, தொழிலுறவு இலாகா வேறு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பளம், நஷ்டஈடு மாதிரிப் பணக்கணக்கெல்லாம் முதலாவதில். 'என்னை வேலையைவிட்டு எடுத்ததே சரியில்லை' என்பது இரண்டாவதில். ஆனால் தப்பாகப் போனதும் நல்லதாயிற்று. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருடத்துக்கு 20 நாள் சம்பளம் நஷ்டஈடு என்பது 1980ஆம் ஆண்டு விதி. கம்பெனி வருடங்களைச் சரியாகத்தான் போட்டிருந்தது. நாள் சம்பளத்துக்குக் கடைசி 12 மாதத்துச் சராசரியை எடுக்க வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து, ஷிஃப்ட் அலவன்ஸை விட்டிருந்தார்கள். அங்கே இருந்த அம்மா கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்: மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) குறைந்திருந்தது. புகார் போட்ட பிறகு வந்து சேர்ந்தது. ஆள்குறைப்பைத் தெரிவித்து 30 நாள் முன்பே தொழிலாளர் இலாகாவுக்குக் கம்பெனி அனுப்ப வேண்டிய பி.கே. பாரம் ஒழுங்காகப் போயிருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

தொழிலுறவு இலாகாவில் மனுவோடு உட்கார்ந்தபோது, அதிகாரி ஒன்றை அழுத்திச் சொன்னார். மனுவில் கேட்க வேண்டியது வேலை, காசு இல்லை. திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பிரிவின் கோரிக்கையே. மனதில் பணம்தான் இருந்தாலும் வேலை வேண்டும் என்றுதான் எழுத வேண்டும். எனக்கு அப்போது உண்மையிலேயே வேலைதான் வேண்டியிருந்தது.

சமரசக் கூட்டம் மூன்று முறை நடந்தது. அங்கே வக்கீல் வர முடியாது. கம்பெனி பக்கமும் வக்கீல் இல்லை என்பதே எனக்குப் பாதித் தைரியம். அதிகாரி தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார். முதல் கூட்டத்தில் நான் மெஷினைப் பற்றியே பேசினேன். என்னிடமே கற்றுக்கொண்டு என்னையே அனுப்பினார்கள் என்றேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு மலாயில் சொன்னதன் சாரம்: மெஷின் வாங்குவது முதலாளியின் உரிமை. வேலை நிஜமாகவே இல்லாமல் போனதா, போனது என்றால் இந்த ஐந்து பேரை எப்படிப் பொறுக்கினீர்கள் என்பதுதான் கேள்வி. பிறகு என்னிடம், "நீங்கள் சொல்லிக்கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றார். ஒரு மெசேஜ்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து மாமாவோடு மறுபடி உட்கார்ந்தேன். 1975ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நடத்தை விதிகளை எடுத்துக் காட்டினார். ஆட்களைக் குறைக்கும் முன் தொழிலாளிகளோடு கலந்து பேசுவது, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவது எல்லாம் அதில் இருக்கிறது. கட்டாயச் சட்டம் இல்லை. ஆனால் தொழில் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கலாம். எங்கள் லைனில் நான்கே வருடம் ஆன ஒரு பெண் இன்னும் இருந்தாள். பழைய லைனில் ஸ்கோப் வேலையும் நின்றபாடில்லை. ஏஜென்ட் மூலம் வந்த நேப்பாளப் பிள்ளைகள் செய்துகொண்டிருந்தார்கள். (அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. வாங்கிய கடனை அடைக்க வந்த பிள்ளைகள்.) அதே வேலையில் வெளிநாட்டவர் இருக்கும்போது உள்நாட்டவரை முதலில் வேலையைவிட்டு எடுக்கக்கூடாது என்பது வேலைச் சட்டம். "அவங்க எங்க ஆள் இல்ல, ஏஜென்ட் ஆள்" என்றது கம்பெனி. அதற்கு மேல் அந்தப் பக்கம் பேச்சு நகரவில்லை. ஆனால் நான்கு வருடப் பெண்ணைப் பற்றிக் கேட்டதும் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

மூன்றாவது கூட்டத்தில் முடிந்தது. முடியாவிட்டால் வழக்கு நேராகத் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும்; 2021க்கு முன்பு அமைச்சர்தான் அதை முடிவு செய்தார், இப்போது இல்லை. ஜெயித்தால் 24 மாதம்வரை பழைய சம்பளம் கிடைக்கலாம். என் தோழி ஒருத்தி அந்த வழியில் போயிருக்கிறாள். எனக்கு மகள் ஃபோர்ம் சிக்ஸ், காத்திருக்க முடியவில்லை. எவ்வளவு என்று வெளியில் சொல்லமாட்டேன் என எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் கேட்காதீர்கள். பத்து காவானில் ஒரு வீடு வாங்கும் அளவுக்கெல்லாம் இல்லை.

இடையில் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதிக்கும் போட்டேன். அதற்கும் 60 நாள்தான். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்து 50, பிறகு 40, 40, 30, 30. அன்று நாசி லெமாக் மேசையிலேயே கையெழுத்துப் போட்ட இருவருக்கும் கிடைக்கவில்லை. தானாக விலகியவர்களுக்கு அது இல்லையாம். ஒருத்தி இன்னும் அந்த எச்ஆர் தம்பியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவரையும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது கடல் தாண்டிப் பெருநிலத்தில் ஒரு கம்பெனி. ஏஓஐ தள்ளிய போர்டுகளை மறுபடி பார்க்கும் வேலை. போன வாரம் ஓர் இஞ்சினியர் பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆன்ட்டி, இத ஏன் ஓகே பண்ணினீங்க?" என்றான். சொல்லிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் தேதி, நேரம், என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.