கேனோனெட்டுக்குப் பாதரச மின்கலம் இல்லாமல் ஒரு வழி

என் கேனோனெட் க்யூஎல்17 ஜி-3 கேமராவின் ஒளிமானி (ஒளியளக்கும் கருவி) முள், ஒருவழியாக ஒளியளக்கும் கைபேசிச் செயலியோடு ஒத்துப்போய்விட்டது. ஷட்டர் வேகத்தை 1/250 நொடியில் வைத்து மும்பை மாட்டுங்கா பூக்கடைகளின் நிழல் பக்கம் திருப்பினால், லென்ஸ் திறப்பு எஃப் 5.6 என்கின்றன இரண்டும்.

1972-இல் வந்த இக்கேமரா 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பிச் செய்யப்பட்டது. அமெரிக்கா 1996-இல் சட்டம் இயற்றியே அந்த வகையை நிறுத்திவிட்டது. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால், முள் ஒளியைக் கூட்டிக் காட்டிப் படத்தை இருளடித்துவிடுகிறது. அதன் மின்னழுத்தமும் போகப்போக இறங்குவதால் ஈடுகட்டிக் கணக்கிடவும் வழியில்லை. காதுகேள் கருவிக்கான 675 மின்கலம் 1.4 வோல்ட் தரும் என்பது உண்மைதான், ஆனால் ஸ்டிக்கரை உரித்த கணத்திலிருந்து அது தீரத் தொடங்குகிறது; மும்பை மழைக்காலத்தின் ஈரக்காற்று அதற்கு எமன்.

ஆகவே 1.55 வோல்ட் தரும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்ஸைடை வைத்து, இடையில் ஒரு ஷாட்கி டையோடால் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விட்டு, சிறிது வோல்ட்டைக் கழிக்கும் உதிரிப்பாகம்) 0.2 வோல்ட்டைக் கழித்தேன். மின்னணுக் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் ஷாட்கி என்றதும் 1என்5819 என்ற வகையை நீட்டுகிறார்கள். ஓர் ஆம்பியருக்கான அந்த டையோடு, ஒளிமானி இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தில் கழிப்பது நமக்குப் போதாது. தேவை, சிறு மின்னோட்டத்துக்கான பேட்54 என்ற ஷாட்கி; அதை உதிரியாக விற்க ஏன் இவ்வளவு சலிப்போ தெரியவில்லை.

பழைய மின்கலத்தின் விட்டம் 15.6 மி.மீ.; எஸ்ஆர்44-க்கு 11.6 மட்டுமே. உயரத்தில் மிஞ்சுவது அரை மில்லிமீட்டர் சொச்சம் என்பதால், 1 மி.மீ. தடிமனுள்ள டையோடை அடியில் படுக்கவைக்க இயலாது. சுற்றியுள்ள 2 மி.மீ. வளைய இடைவெளியில்தான் செருக வேண்டும். டையோடின் மூன்று கால்களில் தனித்து நிற்பது கேத்தோடு, அதாவது மின்னோட்டம் வெளியேறும் முனை. அதை மின்கலத்தின் எதிர்முனையைத் தொடும் செப்புத் தகட்டிலும், மின்னோட்டம் நுழையும் முனையான ஆனோடைக் கேமரா தொடும் தகட்டிலும் பற்றவைத்து, இரு தகடுகளுக்கும் இடையே மின்காப்புக்குக் கேப்டான் நாடா ஒட்டினேன். எஸ்ஆர்44-இன் பக்கச்சுவர் முழுவதும் நேர்முனை என்பதால், பற்றவைத்த ஈயப்பொட்டு அதை உரசினாலே ஷார்ட் ஆகிவிடும். அங்கும் நாடா அவசியம். மங்கிய ஒளியில் மின்னோட்டம் குறைந்து டையோடு கழிப்பதும் குறைவதால் முள் சற்றே ஏறுகிறது, ஆனால் நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது பொருட்டல்ல.

மின்கலமே இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும் கேமராவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு கையில் அடங்கும் உடலில் எஃப் 1.7 லென்ஸ், லோக்கல் ரயிலில் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத ஷட்டர், அவற்றோடு ஒளிமானியைக் கொண்டு திறப்பைத் தானே அமைக்கும் நம்பத்தகுந்த ஆட்டோ முறையும் சேரும்போதுதான் இதை நினைத்தவுடன் எடுத்துச் சுட முடிகிறது.

பின்கதவின் நுரைப்பட்டைகள் தாராக உருகிக் கிடக்கின்றன. அவற்றைச் சுரண்டுவதற்குள் மனம் ரோலை 35 என்ற இன்னொரு பழைய கேமராவுக்குத் தாவிவிட்டது. அதற்கும் இதே மின்கலம்தான். அதன் அறை ஃபிலிம் பக்கம் உள்ளே இருப்பதால் பாதி ரோலில் மாற்ற முடியாது, ஆகவே கடைசிவரை மின்னழுத்தம் இறங்காத சில்வர் ஆக்ஸைடு அங்கே இன்னும் பொருந்தும். பழம்பொருள் சந்தையான சோர் பஜார் கடைக்காரர்கள் இப்போது கைபேசியில் விலை பார்த்துவிட்டே வாய் திறக்கிறார்கள். எஸ்ஆர்44-ஐயும் டையோடையும் பொருத்தும் வளையத்தை முதலில் செய்துவிடுகிறேன், கேமரா பிறகு வரட்டும்.