மைனஸ் ஒன்று

கோயம்புத்தூரில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் வாங்கி, சம்பளச் சீட்டு, ஐ.டி. ரிட்டன், பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரிபார்த்து, கடன் தரலாமா, எவ்வளவு தரலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலை. இதில் நான் செய்த ஒரு தவறு பல வருடமாக மனதில் கிடக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2013-இல் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். அந்த அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைப்பவர். வீடு இருவர் பெயரிலும் வேண்டும் என்று இருவருமே சொன்னார்கள். முன்பணத்துக்கு அந்த அம்மாவின் பதினாறு பவுன் நகையை விற்றிருந்தார்கள்.

சிபில் எடுத்தேன். கணவருக்கு நல்ல ஸ்கோர். மனைவிக்கு மைனஸ் ஒன்று.

இதைத் தெரியாதவர்களுக்காக: ஒருவர் வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினார் என்பதைப் பார்த்து சிபில் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். அது 300 முதல் 900 வரை ஓடும். மைனஸ் ஒன்று அந்த அளவுகோலிலேயே கிடையாது. கடனோ கிரெடிட் கார்டோ ஒருவர் பெயரில் இதுவரை இருந்ததில்லை, அதனால் அளக்க ஒன்றுமில்லை என்பதற்குப் போடும் அடையாளம் அது. கட்டாமல் விட்டவருக்கு வரும் 550-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கழித்தல் குறியோடு ஒரு எண்ணைப் பார்த்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். அன்று அந்த அம்மா முகம் வாடியது. "நான் யாருக்கும் ஒரு ரூபா பாக்கி வெச்சதில்லைங்களே" என்றார்.

அவருக்கு ஸ்கோரும் இல்லை, வருமானத்துக்குக் காகிதமும் இல்லை. கணவர் சம்பளமே அந்தக் கடனுக்குப் போதும். அதனால் நான் சுலபமான வழியைச் சொன்னேன்: "சார் பேர்ல மட்டும் போட்டுக்குங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்." பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் கடனிலும் சேர வேண்டும் என்பது எங்கள் விதி. ஆகவே கடனிலிருந்து பெயர் போனால் பத்திரத்திலிருந்தும் போகும். இது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அதை அழுத்திச் சொன்னேனா என்று இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பத்து நாளில் சாங்ஷன் ஆனது. வேலை சுத்தமாக முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

எட்டு வருடம் கழித்து அந்த அம்மா தனியாக வந்தார். நாலு பெண்களை வேலைக்கு வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கும் ஆர்டர் பிடித்திருந்தார். மூன்று பவர் மெஷின் வாங்கக் கடன் வேண்டும். மறுபடியும் சிபில் எடுத்தேன். மறுபடியும் மைனஸ் ஒன்று.

"வீட்டுத் தவணையில பாதி என் தையல் காசுதானுங்க மேடம். மாசாமாசம் அவர் அக்கவுண்ட்ல கொண்டுபோய்க் கட்டறதே நான்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வெறும் தகவலாகத்தான் சொன்னார். ஒரு தவணைகூடத் தவறாமல் எட்டு வருடம் கட்டப்பட்ட கடன் அது. அந்த ஒழுங்கு முழுவதும் கணவர் பெயரில் ஏறியிருந்தது. நகை இவருடையது, பாதித் தவணை இவருடையது, வீட்டிலும் பெயரில்லை, கடன் வரலாற்றிலும் பெயரில்லை. இதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அன்று என்னால் செய்ய முடிந்தது, சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய். அந்தப் பிரிவின் உச்சவரம்பே அதுதான். அந்தப் பணத்தில் ஒரு மெஷின்தான் வாங்க முடிந்தது. ஆனால் அவர் பெயரில் பதிவான முதல் கடன் அதுதான்.

அதற்கப்புறம் மைனஸ் ஒன்று வந்த ஃபைலை நான் உடனே நகர்த்துவதில்லை. ஏன் வெற்றாக இருக்கிறது என்று கேட்கிறேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, நம் ஊரில் பெண்களின் பணப்புழக்கம் பெரும்பாலும் சிபிலுக்கு எட்டாத இடங்களிலேயே நடக்கிறது. சீட்டு கட்டுவார்கள். மகளிர் குழுவில் கடன் வாங்கி வாராவாரம் அடைப்பார்கள். ஆனால் வங்கிக்கடன் குழுவின் பெயரில் இருக்கும். கணவரின் கிரெடிட் கார்டுக்குத் துணை அட்டை வைத்திருப்பார்கள். அது கணவர் கணக்கில் பதியும். நகையை அடகு வைக்கும்போதுகூட நகை மனைவியுடையதாகவும் ரசீது கணவர் பெயரிலும் இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதே நகைக்கடனை வங்கியில் அந்தப் பெண் தன் பெயரில் வாங்கித் திருப்பியிருந்தால் அது அவருடைய வரலாறாக ஆகியிருக்கும்.

சில சமயம் வரலாறு இருக்கும், ஆனால் வேறு ஆளாக இருக்கும். இது நம் ஊர் இனிஷியல் விவகாரம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். பான் கார்டில் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. பழைய போன் எண், பழைய முகவரி. ஒரு பெண் கல்லூரிக் காலத்தில் வாங்கிய கல்விக்கடனை ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தார். அது அப்பாவின் இனிஷியலோடு, பான் எண் சேர்க்கப்படாமல் கிடந்தது. எங்கள் திரையில் மைனஸ் ஒன்று. விசாரித்து, கடன் கொடுத்த வங்கியில் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொன்னோம். இப்படிப்பட்ட புகாரை 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீடு பார்க்கத் தொடங்கும்போதே கணவனும் மனைவியும் தங்கள் கடன் வரலாற்று அறிக்கையை ஆளுக்கொன்று எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான். சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என்று கடன் வரலாற்றைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரப்பதிவுக்கு நாள் குறித்துவிட்டு, அப்புறம் வந்து தெரிந்துகொண்டால் 30 நாள் என்பது பெரிய காலம்.

அறிக்கையைப் பிரித்ததும் அதிர்ந்துபோனவர்களும் உண்டு. "எனக்குக் கடனே இல்லை" என்று வந்த ஒரு பெண்ணின் பெயரில் அவர் தம்பி போன் வாங்கிய தவணைக்கடன் இருந்தது. மூன்று தவணை பாக்கி. இருந்த ஒரே கடன் அதுதான் என்பதால் ஸ்கோர் மொத்தமும் அதன் மேலேயே விழுந்துவிட்டது. நீண்ட வரலாறு உள்ளவருக்கு ஒரு சறுக்கலைத் தாங்க நாலு நல்ல கணக்குகள் இருக்கும். புதியவருக்கு அந்தத் தாங்கல் கிடையாது. அந்த ஃபைலை நான் காப்பாற்ற முடியவில்லை. வெற்றுப் பக்கத்துக்கு விளக்கம் எழுதலாம். பாக்கிக்கு எழுதுவது கடினம்.

2025-இன் பிற்பகுதியில் வந்த ஒரு ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் வேலை, கைக்கு வருவது 58,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 24,000. வீட்டின் விலை 52 லட்சம், கேட்ட கடன் 40 லட்சம். கணவருக்கு நல்ல ஸ்கோர். மனைவிக்கு மைனஸ் ஒன்று.

ஃபைலைக் கொண்டுவந்த முகவர் வழக்கமான பேச்சை எடுத்தார்: "மேடத்தோட பேரை எடுத்துட்டா நாலு நாள்ல சாங்ஷன் ஆயிடும்." நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சம்பளத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று வைத்தால் கணவருக்கு 29,000. ஏற்கெனவே ஓடும் பைக் கடன் 4,000 போக மிச்சம் 25,000. 20 வருடக் கடனுக்கு 7.95 சதவீத வட்டியில் லட்சத்துக்குத் தவணை சுமார் 833 ரூபாய். அப்படியென்றால் 30 லட்சம்தான் கிடைக்கும். மனைவியின் சம்பளத்தையும் சேர்த்தால் 44 லட்சம் வரை தாங்கும். பெயரை எடுத்தால் 10 லட்சம் துண்டு விழும். அந்த 10 லட்சத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவார்கள். அந்த வட்டி எந்த அறிக்கையிலும் வராது, ஆனால் வீட்டுத் தவணையை அதுதான் முதலில் தின்னும். ஆபத்தைக் குறைப்பதாக நினைத்துப் பெயரை நீக்கி, அதைவிடப் பெரிய ஆபத்தை வீட்டுக்குள் அனுப்பி வைக்கிறோம்.

அந்த ஆசிரியையிடம் நேராகவே கேட்டேன்: "உங்க பேர்ல மாசாமாசம் என்னென்ன கட்டறீங்க?" கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்ல ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். ஒன்பது வருடம் ஒரே பள்ளி. ஆறு வருடமாகச் சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறது. பி.எஃப். பாஸ்புக். 2017-லிருந்து விடுபடாத எல்.ஐ.சி. பிரீமியம். இரண்டு ரெக்கரிங் டெபாசிட் முடித்திருக்கிறார். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வாடகை. மாதம் 11,000 ரூபாய், 41 மாதமாக, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள், அவர் போனிலிருந்து வீட்டுக்காரருக்குப் போயிருக்கிறது. தவணை கட்டும் பழக்கம் வேறு எப்படி இருக்கும்? சிபிலுக்கு அது கடன் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்டேட்மென்டில் அந்த 41 வரிகளையும் மஞ்சளால் கோடிட்டு, இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். மேலிடத்திலிருந்து போன் வந்தது: "ஸ்கோர் இல்லாதவங்க வருமானத்தை முழுசா எடுத்திருக்கீங்களே?" எனக்கு அப்போது ஒரு பிடி இருந்தது. முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி மக்களவையில் இதை எடுத்துச் சொன்னார். இதற்காகக் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. வேறு வழியில் ஆராய்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். நான் ஆராய்ந்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "சரி, வாடகை ஸ்டேட்மென்ட் ஒரிஜினல் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

சாங்ஷன் வந்தது. ஆனால் எங்கள் வட்டிப் பட்டியலில் ஸ்கோர் இல்லாதவருக்கென்று தனி வரிசை இருக்கிறது. மனைவி சேர்ந்ததால் 7.75 என்பது 7.95 ஆனது. 40 லட்சத்துக்கு மாதம் சுமார் 500 ரூபாய் கூடுதல். இது எனக்கு இன்றும் உடன்பாடில்லாத விஷயம். கூடவே கையெழுத்துப் போடுபவருக்கு நல்ல வரலாறு இருக்கும்போது, இன்னொருவரின் வெற்றுப் பக்கத்துக்கு ஏன் தனியாக விலை வைக்க வேண்டும்? ஆனால் பட்டியலை மாற்றும் இடத்தில் நான் இல்லை. கணவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஐநூறு ரூபாய்க்காக இவ பேரை எடுக்கறதுங்களா? வேண்டாங்க, இருக்கட்டும்."

அந்த ஆசிரியை மட்டும் கையெழுத்துக்கு முன் ஒன்று கேட்டார். "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா பூராக் கடனும் என் தலையிலதானுங்களா மேடம்?"

ஆமாம் என்றேன். சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பாதிக்கு மட்டும் பொறுப்பு என்பது கிடையாது. அவர் கட்டாவிட்டாலும் வங்கி இவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். அவர் தவறவிடும் ஒவ்வொரு தவணையும் இவர் அறிக்கையிலும் பதியும். பெயர் வேண்டும் என்று நான் எவ்வளவு வாதாடுகிறேனோ அதே அளவுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் பேசாமல் விட்டதற்கு இப்போது கூடுதலாகவே பேசுகிறேன் போலும். கடன் காப்பீடு பற்றியும் சொல்லி, கட்டாயமில்லை, விசாரித்து முடிவெடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாமா என்று கேட்டார். கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, ஐந்து இடங்களில் பென்சிலால் குறியிட்டு எடுத்து வந்தார். ஐந்தையும் உட்கார்ந்து பேசினோம். கணவர் வெளியே போய் டீ வாங்கி வந்தார். அப்புறம்தான் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும், நிதானமாக.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலையாகக் கிளைக்கு வந்தவர், என் மேஜைக்கும் வந்தார். போனில் தன் இலவச அறிக்கையை இறக்கி வைத்திருந்தார். அவர் பெயர், அதன் கீழ் வீட்டுக்கடன் என்ற ஒற்றை வரி, தவணை பாக்கி பூஜ்யம், மேலே மூன்று இலக்கத்தில் ஒரு எண். எண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்து, "பத்திரத்துல போட்டிருக்கிற இனிஷியலும் இதுலே இருக்கறதும் ஒண்ணுதானுங்களே?" என்று கேட்டார். பத்திர நகலை எடுத்து வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றாகத்தான் இருந்தது.